தேன்மொழியின் அலமாரி

தொண்ணூறு நாள் யாரும் தொடாத பொருளை அந்தத் தானியங்கி வீடே எடுத்து அப்புறப்படுத்திவிடும். அதனால் மனைவி தேன்மொழி இறந்த பிறகு, அவளுடைய குடை, சீப்பு என்று ஒவ்வொன்றாகப் பரணி பயன்படுத்தி வந்தான். இன்று மிச்சமிருந்தது கொண்டை கிளிப்.

காய்கறியோடு வந்த அக்கா வாசலிலேயே நின்றாள்.

"டேய், தலையில என்னடா?"

"கிளிப்புக்கா. முடி கண்ணுல விழுது."

"இருக்கிற நாலு முடிக்கா?"

அவனுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

வீடு பேசியது: "தேன்மொழியின் பொருட்கள் எல்லாம் இனி உங்களுடையவை. உங்கள் அலமாரிக்கு மாற்றிவிட்டேன். அவருடைய அலமாரி காலி. அதை எடுத்துவிடட்டுமா?"

பரணி அந்த அலமாரியின் முன்னால் போய் நின்றான்.

அக்கா அந்த அலமாரியைத் திறந்து சின்ன வெங்காயப் பையை உள்ளே வைத்தாள்.

"எழுதிக்கோ வீடே. இவன் தினமும் இதைத் திறப்பான்."