காயாத பெயர்

தகரக் கொட்டகையே அதிரும்படி கலவை மெஷின் ஓடிக்கொண்டிருக்கிறது. கூரை ஓட்டைகளில் இறங்கும் வெயில், சுழலும் டிரம்மில் பட்டு வழுக்கி விழுகிறது. சொந்த மெஷின் இருந்தால்தான் காண்டிராக்டருக்கு லைசென்ஸ். லைசென்ஸ் இருந்தால்தான் அரசாங்கப் பால வேலைக்கு டெண்டர் போடலாம். டெண்டருக்கு நாளைதான் கடைசி. மச்சானிடம் இரவல் வாங்கி வந்த மெஷின் இது. இன்ஜின் தகட்டில் இருந்த மச்சான் பெயரின் மேலேயே காண்டிராக்டர் விடியற்காலையில் தன் பெயரைச் சிவப்பில் எழுதியிருக்கிறார். ராத்திரி பெய்த மழை ஈரத்தில் பெயிண்ட் காயவே இல்லை. சோதிக்க வந்த இன்ஜினியருக்கும் தகட்டுக்கும் நடுவே காண்டிராக்டரின் மனைவி மரம் மாதிரி நிற்கிறாள்.

"கொஞ்சம் தள்ளுங்கம்மா," என்று இன்ஜினியர் தகட்டில் உள்ளங்கையை வைத்து அதிர்வைப் பார்க்கிறார். கையை எடுக்கும்போது காண்டிராக்டர் பெயரில் பாதி அதில் ஒட்டிக்கொண்டு வருகிறது. தகட்டில் அந்த இடத்தில் அவள் அண்ணனின் பெயர் நீலமாக எட்டிப் பார்க்கிறது.

"உங்க சொந்த மெஷின்தானா?"

"வேற யாரோடது சார்," என்கிறார் காண்டிராக்டர்.

அவள் மண்ணெண்ணெய்த் துணியோடு ஓடி வந்து, தகட்டை முதுகால் மறைத்தபடி இன்ஜினியரின் கையைப் பிடித்து விரல் விரலாகத் துடைக்கிறாள்.

"போதும்மா, போயிடுச்சு."

சிவப்பு எப்போதோ போய்விட்டது. அவள் அந்தக் கையை விடாமல் துடைத்துக்கொண்டே இருக்கிறாள்.