மூத்தோருக்கு உகந்த இடம்

2024 மார்ச் 12, செவ்வாய்க்கிழமை, காலை ஒன்பது மணி. கேமரன் மலை, கம்போங் ராஜாவை அடுத்த ஒரு தேயிலைத் தோட்டத்தின் மூன்றாவது லயத்தில், அதாவது தொழிலாளர் வீட்டு வரிசையில், பதினொரு வீடுகள். ஐந்தில் ஆள் இருந்தது. ஐவரும் எழுபதைத் தாண்டியவர்கள்.

சுகுமாரன் கோலாலம்பூரிலிருந்து வந்திருந்தார். கையில் ஒரு கோப்பு. அதில் நாற்பது கேள்விகள்.

குளிக்கவும் நடக்கவும் மருந்து சாப்பிடவும் துணை வேண்டியிருக்கும் முதியவர்கள் வாழ இந்த மலை மாவட்டம் எவ்வளவு தோதானது என்று மதிப்பெண் போடுவது அவர் வேலை. அவருக்கு வயது முப்பத்து நான்கு. முதுமையைப் பற்றி இரண்டு கருத்தரங்குகளில் கேட்டிருக்கிறார்.

முதல் வீட்டு இருளப்பன் கோப்பைப் பார்த்தார். பளபளத்த காலணியைப் பார்த்தார். அது போதும்.

“மணியம்மா! ஆபீஸ் ஆளு வந்துட்டான் லா. தடிய உள்ள போடு!”

ஆண்டுதோறும் மார்ச் மாதம் தோட்ட அலுவலகத்திலிருந்து ஒருவர் வருவார். வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர்களில், நாற்றுமேடையில் புல் பிடுங்கும் அளவுக்காவது தெம்பு உள்ளவர்கள் மட்டும் லயத்து வீட்டில் இருக்கலாம். மற்றவர்கள் பிள்ளைகளிடம் போய் நிம்மதியாக இருக்கட்டும் என்பது நிர்வாகத்தின் பெருந்தன்மை.

போன வருடம் நல்லுசாமி முட்டி வலிக்கிறது என்று உண்மையைச் சொன்னார். உண்மைக்கு உரிய பரிசு ஒரே மாதத்தில் கிடைத்தது. கிள்ளானில் மகன் வீடு, ஏழாவது மாடி, ஓடாத லிஃப்ட்.

மணியம்மாவுக்கு ஏழாவது மாடிகூடக் கிடையாது. பிள்ளை இல்லை. புருஷன் போய்ப் பதினாறு வருடம். மணியம்மா பிறந்ததே இந்த லயத்தில்தான்.

ஆகவே எழுபத்தெட்டு வயது மணியம்மா ஊன்றுகோலை விறகு அடுக்குக்குள் சொருகினார். வீட்டு முன்னாலிருந்த பதினெட்டுப் படிகளையும் நின்றபடியே இறங்கி வந்து சிரித்தார்.

இரண்டு வருடமாக அந்தப் படிகளை அவர் உட்கார்ந்து உட்கார்ந்துதான் இறங்குகிறார்.

‘படிக்கட்டு: மூத்தோர் சிரமமின்றிப் பயன்படுத்துகின்றனர்’ என்று சுகுமாரன் எழுதினார். ஐந்துக்கு ஐந்து.

“வாங்க கிராணி ஐயா” என்றார் இருளப்பன், கோடரியை ஓங்கியபடி. அவர் கோடரியைத் தொட்டு ஒரு வருடம் ஆகியிருந்தது.

சுகுமாரன் தோட்ட அலுவலகத்தில் கணக்கு எழுதும் கிராணி இல்லை. ஆனாலும் திருத்தவில்லை. மரியாதையாகக் கூப்பிடுகிறவர்களைத் திருத்துவது அவர் வழக்கமல்ல.

“ஆஸ்பத்திரிக்கு எப்படிம்மா போவீங்க?”

“எதுக்குய்யா போறது? எனக்குக் காய்ச்சல் வந்தே எத்தனையோ வருசம் ஆச்சு.”

ஐந்து நாட்களுக்கு முன்புதான் அவர் தானா ராத்தா மருத்துவமனைக்குப் போய்விட்டு வந்திருந்தார். ஸ்ட்ராபெரி பறிக்க வந்த சுற்றுலாக் கார்களின் நெரிசலில் போய்ச்சேர இரண்டேகால் மணி நேரம்.

மருத்துவமனை தொலைவு என்ற கட்டத்தில் சுகுமாரன் பேனாவைச் சற்று நிறுத்தினார். பிறகு, ‘தேவை எழவில்லை’ என்று எழுதினார். மதிப்பெண் குறைக்கப்படவில்லை.

“கீழ விழுந்துட்டா யாரு வந்து தூக்குவா?”

“நாங்க எங்கய்யா விழறோம்? போட்டோ புடிக்க வர்ற டூரிஸ்ட்டுதான் விழுவான். நாங்கதான் தூக்குவோம்.”

சுகுமாரன் சிரித்தார். ‘சமூக ஆதரவு: மிகச் சிறப்பு.’

அடுத்த வீட்டு ராமசாமிக்குக் காது கேட்காது. யார் எதைக் கேட்டாலும் “நல்லா இருக்கேன் ஐயா” என்று சொல்லப் பழகியிருந்தார். நாற்பது கேள்விகளுக்கும் அதைச் சொன்னார். ஆய்வுக்கு இவ்வளவு ஒத்துழைப்பு சுகுமாரனுக்கு வேறெங்கும் கிடைத்ததில்லை.

கடைசியாக மணியம்மாவிடம், “உங்களுக்குத் தினமும் ஒரு ஆள் உதவி வேணுமாம்மா?” என்று கேட்டார்.

மணியம்மாவின் வலது கால் பாவாடைக்குள் நடுங்கிக்கொண்டிருந்தது. முந்தின நாள் குளிக்கப்போய் எழ முடியாமல், இருளப்பன் கதவைத் தட்டும்வரை ஈரத்திலேயே உட்கார்ந்திருந்தார்.

“எனக்கா? தேவைன்னா சொல்லுங்க, உங்க சட்டையக்கூட நானே தொவைச்சுத் தர்றேன்.”

கார் வளைவில் மறைந்ததும் மணியம்மா முதல் படியில் உட்கார்ந்தார். எழுந்திருக்கவில்லை.

“என்னா மணி, டான்ஸ் ஆடி முடிச்சிட்டியா?” என்றார் இருளப்பன். அவர் தன் இடுப்பைப் பிடித்துக்கொண்டு கோழிக்கூண்டின் மேல் சாய்ந்திருந்தார்.

“நீ மட்டும் என்னாவாம்? நாலு வெறகு பொளந்துட்டு நாக்கு தள்ளிப்போச்சு.”

“பேசாத. இன்னும் ஒரு வருசத்துக்கு நம்மள எவனும் அசைக்க முடியாது லா.”

இருவரும் இருமல் வரும்வரை சிரித்தார்கள்.

அலுவலகத்திலிருந்து வரவேண்டிய ஆள் அந்த மார்ச்சில் வரவில்லை. ஏப்ரலிலும் வரவில்லை.

சுகுமாரனின் அறிக்கை மே மாதம் தயாரானது. அவர் பார்த்த ஏழு இடங்களில் மூன்றாவது லயத்துக்குத்தான் அதிகம்: நூற்றுக்கு எண்பத்தெட்டு. ‘இங்குள்ள காற்றும் வாழ்க்கை முறையும் முதியவர்களைத் தளரவிடுவதில்லை’ என்று முடிவுரை சொன்னது.

அறிக்கையைக் கேட்டிருந்தது கோலாலம்பூரில் ஒரு நிறுவனம். மலைப்பகுதியில் வசதியுள்ள முதியவர்களுக்குப் பராமரிப்பு இல்லம் கட்ட அது இடம் தேடிக்கொண்டிருந்தது. ஜூன் மாதம் தோட்ட நிர்வாகம் மூன்றாவது லயத்தை அதற்குக் குத்தகைக்குக் கொடுத்தது.

ஐந்து வீடுகளும் ஜூலை இறுதிக்குள் காலி செய்யப்பட்டன. மணியம்மாவுக்கு ஈப்போவில் ஓர் இலவச முதியோர் விடுதியில் பன்னிரண்டாம் எண் கட்டில் கிடைத்தது.