மேல் வரிசையில் கேட்டது

“ஜூன் 14. எபிடாரஸ் அரங்கின் மேல் வரிசைக்குப் பேச்சு கேட்காது என்று நேற்று எழுதியது தவறு. கேட்கிறது.”

டைரியில் அவ்வளவு எழுதிவிட்டு ஆவுடை பேனாவைக் கீழே வைத்தாள். மாலை வகுப்பில் கிரேக்க வரலாறு படிப்பவளை, “நீ படிச்சதை எங்களுக்குக் காட்டும்மா” என்று சொல்லித்தான் அப்பா கிரீஸுக்கு அழைத்து வந்திருந்தார். இன்று காலை அவள் கல்வரிசைகளில் ஏறி உச்சியில் உட்கார்ந்தபோது, கீழே வட்ட மேடையின் நடுவில் நின்ற அவருக்கு போன் வந்தது. கையால் வாயை மறைத்துக்கொண்டுதான் பேசினார். பக்கத்தில் உட்கார்ந்து பேசுவதுபோல் கேட்டது.

“அவளுக்கு ஒண்ணும் தெரியாது அண்ணாச்சி. சொன்னா கெளம்பியே இருக்க மாட்டா. நாளைக்கு மாப்பிள்ளைய ஏதென்ஸுக்குத் தற்செயலா வந்த மாதிரி வரச் சொல்லுங்க. கல்லு, தூணுன்னு கதை அளப்பா, கொஞ்சம் பொறுத்துக்கிடட்டும். கல்யாணம் ஆனா சரியாயிரும்.”

அருகில் நின்ற அம்மா சிரித்தாள்.

இறங்கி வந்தவளிடம், “மேல ஏதும் கேட்டுச்சாம்மா?” என்றார் அப்பா.

“காத்துச் சத்தந்தான்ப்பா.”

ஆவுடை பேனாவை மறுபடி எடுத்தாள். “நாளை: காலைச் சாப்பாட்டுக்கு முன் அப்பாவிடமிருந்து என் பாஸ்போர்ட்டை வாங்க வேண்டும்.”