போடாத கையெழுத்து

“நீங்க சரின்னு சொல்ற வரைக்கும் நான் இந்த ஊட்டை விட்டு எந்திரிக்கவே மாட்டேனுங்கண்ணா.”

பாஸ்டர் பாக்கியநாதன் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் முகத்தில் கவலை தெரிந்தது. காங்கேயத்துக்காரர். முதலிபாளையம் சபைக்கு வந்து ஒரு வருடம்தான் ஆகிறது.

தேவஇரக்கம் டீ டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார். பனியன் கம்பெனி ஒன்றில், தைத்த துணியில் குறை பார்க்கும் செக்கிங் வேலை. ஐம்பது வயது தாண்டிவிட்டது. ஞாயிறு ஆராதனை முடிந்த கையோடு பாஸ்டர் அவர் வீட்டுக்கே வந்துவிட்டார்.

“அடுத்த வாரம் சபைச் செயலாளர் தேர்தல். ஜெயசிங் அண்ணன் நிக்கறாருங்க. தன்னைச் செயலாளராக்கினா, இப்ப இருக்கற தகரக் கொட்டகையை எடுத்துப்போட்டு ரெண்டு மாடியில கோயில் கட்டித் தர்றேங்கறாரு.”

“கட்டட்டுமே பாஸ்டர், நல்லதுதானே?” என்றபடி முறுக்குத் தட்டை வைத்தாள் லீதியாள், தேவஇரக்கத்தின் மனைவி.

“நானும் அப்படித்தானுங்கக்கா நெனச்சேன். ஆனா அவரு பனியன் பேக்டரியில, தீப்பிடிச்சா வெளிய ஓடறதுக்குன்னு இருக்கற கதவைப் பூட்டி, துணி மூட்டையை அடுக்கி வெச்சிருக்காரு. பாதுகாப்பு ஆடிட்டுக்கு ஆள் வர்ற அன்னிக்கு மட்டும் திறப்பாரு. உள்ள தைக்கறது நம்ம சபைப் பிள்ளைகளுங்க. போய்க் கேட்டேன். ‘நீங்க ஜெபத்தைப் பாருங்க பாஸ்டர், நான் கட்டடத்தைப் பாக்கறேன்’ங்கறாரு.”

பாஸ்டர் தேவஇரக்கத்தின் பக்கம் திரும்பினார்.

“அவரை எதிர்த்து நிக்க சபையே மதிக்கற ஆளு நீங்கதாங்க. அந்த ஊசி விஷயத்தை நான் வந்த முதல் வாரமே சொன்னாங்க. முழுசாத்தான் யாரும் சொல்லலீங்க.”

தேவஇரக்கம் நிமிர்ந்தார். “அது வந்து பாஸ்டர்...”

“நான் சொல்றேன்,” என்று முந்திக்கொண்டாள் லீதியாள். சுவரோரமாகச் சாய்ந்து உட்கார்ந்தாள்.

“இருபத்திரண்டு வருஷம் ஆச்சு. அப்ப எங்களுக்குக் கல்யாணம் ஆகலை. சாத்தான்குளத்துப் பக்கமிருந்து பிழைக்க வந்தோம். நஞ்சப்பன் முதலாளி கம்பெனியில ஒரே செக்கிங் டேபிள். அந்தப் பக்கம் இவுக, இந்தப் பக்கம் நான். அப்பல்லாம் நம்ம சபை மளிகைக் கடை மாடியில. மொத்தமே பதினோரு பேர். கீழே மிளகாய் அரைச்சா மேலே பாட்டு நின்னுரும். பாதிப் பேர் தும்முவோம்.”

பாஸ்டர் சிரித்துவிட்டார்.

“கம்பெனியில கரண்ட் போச்சுன்னா மெஷின் சத்தமெல்லாம் அடங்கிரும். யாராவது ஒரு பாட்டை எடுத்துவிடுவாங்க. கரண்ட் வந்தாலும் அந்தப் பாட்டு முடியற வரைக்கும் ஒரு டெய்லரும் மெஷினைத் தொட மாட்டாங்க. முதலாளியே கதவோரம் நின்னு கேப்பார். நல்ல மனுசன்தான். அவருக்கும் ஒரு நெருக்கடி வந்துச்சு.”

“ஊசிங்களா?”

“ஆமா. கைக்குழந்தைச் சட்டை ஆர்டர் ஓடிக்கிட்டிருந்துச்சு. ஒரு மெஷின்ல ஊசி ஒடிஞ்சுபோச்சு. ஒடிஞ்ச துண்டு ஒண்ணு விடாம கிடைச்சாத்தான் சரக்கை அனுப்பலாம். முனை மட்டும் கிடைக்கலை. சாயங்காலம் தூத்துக்குடிக்குக் கண்டெய்னர் கிளம்பணும். ‘எல்லாத் துண்டும் கிடைச்சாச்சு’ன்னு கையெழுத்துக் கேட்டார் முதலாளி. போட்டா சூப்பர்வைசர் வேலை, குடியிருக்கக் கம்பெனி வீடு.”

“அடேங்கப்பா!”

“பச்சைப்பிள்ளை போடுற சட்டை பாஸ்டர். முடியாதுன்னு சொல்லியாச்சு.”

தேவஇரக்கம் தலையைக் குனிந்துகொண்டார்.

“அப்புறமுங்க?”

“கண்டெய்னர் போகலை. மறுநாள் பெட்டியெல்லாம் பிரிச்சுத் தேடினா, ஒரு குட்டிச் சட்டையோட தோள் தையல்ல முனை இருந்துச்சு. ஆனாலும் வேலை போச்சு. எட்டு மாசம் எந்தக் கம்பெனியிலயும் உள்ள விடலை. வீட்டுல உக்காந்து, தைச்ச துணியில நூல் பிசிறு வெட்டித்தான் பொழப்பு. சபையில ஆளுக்கொரு பிடி அரிசி கொண்டுவருவாங்க. ஆனா சொல்றேன் பாஸ்டர், அப்படி நிம்மதியாத் தூங்கின நாள் அப்புறம் வந்ததே இல்லை.”

பாஸ்டருக்குக் கண் கலங்கிவிட்டது. தேவஇரக்கத்தின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

“இதுக்கு மேல என்னங்கண்ணா வேணும்? ஒரு வார்த்தை சொல்லுங்க. நீங்கதான் செயலாளர்.”

“டீ ஆறுது, குடிங்க,” என்றாள் லீதியாள் அவசரமாக.

தேவஇரக்கம் மெல்லக் கைகளை விடுவித்துக்கொண்டார்.

“என்னைக் கேக்காதீங்க பாஸ்டர். கேக்க வேண்டிய ஆள் இவதான். இத்தனை வருஷமா இப்படித்தான் சொல்லிக்கிட்டிருக்கா, யாரு முடியாதுன்னு சொன்னதுன்னு மட்டும் சொல்லாம. எல்லாரும் என்னைத்தான் நினைச்சுக்கிறாங்க. நானும் இன்னிக்கு வரைக்கும் வாயைத் திறக்கலை.”

“சும்மா இருங்களேன்,” என்றாள் லீதியாள்.

“அந்தத் தாள்ல எங்க ரெண்டு பேர் கையெழுத்தும் வேணும் பாஸ்டர். நான் போட்டுட்டேன். இவ வீட்டுல உக்காந்து பிசிறு வெட்டின அந்த எட்டு மாசமும், நான் அங்கே சூப்பர்வைசர்.”