நான்காவது இணைப்பு

"சார், விமானத்தைத் திருப்பிக் கூப்பிடுங்க. தப்பு என் கையால நடந்துபோச்சு."

பராமரிப்பு மேலாளர் குடித்துக்கொண்டிருந்த காபியைக் கீழே வைத்தார். எதிரே நின்றவர் மூத்த மெக்கானிக். விமானங்களைப் பழுதுபார்க்கும் அந்த ஹேங்கரில் எல்லோரும் அவரைச் 'சொட்டு' என்றுதான் கூப்பிடுவார்கள். எந்த விமானத்திலாவது ஒரு சொட்டுத் தண்ணீர் கசிந்தால் அன்றைக்கு அவருக்குச் சோறு இறங்காது என்பதால் வந்த பெயர். இருபத்தாறு வருட சர்வீஸில் 'தப்பு' என்ற சொல் அவர் வாயில் வந்ததே இல்லை, மற்றவர்கள் வேலையைப் பற்றிப் பேசும்போது தவிர.

"எந்த விமானம்?"

"பன்னெண்டரைக்குக் கிளம்பினது. பதினாலு மணி நேரப் பயணம். கிளம்பி அம்பது நிமிஷம் ஆச்சு."

"அதுக்கு என்ன?"

"முன்பக்கச் சமையல் மேடைக்குக் கீழ நேத்து நான்தான் புது விரிப்பு போட்டேன். நாலாவது இணைப்புல டேப்பைச் சரியா அழுத்தல."

பயணிகளுக்கு இதெல்லாம் தெரியாது, தெரியாமலிருப்பதே நல்லது. பணிப்பெண் காபி பிடிக்கிற அந்த மேடைக்கு நேர் கீழேதான் விமானத்தின் மின்சாரப் பெட்டிகளை அடுக்கி வைத்திருக்கிறார்கள். மேலே குழாய் கசியும், ஐஸ் உருகும், யாராவது எதையாவது கொட்டுவார்கள். நடுவில் தண்ணீர் இறங்காத ஒரு விரிப்பு, அதன் இணைப்புகளில் டேப், ஓரத்தில் தண்ணீரை வெளியேற்றும் சின்னக் குழாய். அவ்வளவுதான் காவல். பறக்கும்போது பெட்டிகள் நனைந்தால் விமானியின் முன்னால் இருக்கும் திரைகள் ஒவ்வொன்றாக அணைந்துபோகலாம்.

"ரெண்டாவது ஆள் சரி பார்த்துக் கையெழுத்துப் போட்டிருக்காரே?"

"அவர் மேல தப்பில்ல சார். அந்தப் பக்கத்துத் தரைப்பலகையை மூடினப்புறம்தான் அவரையே கூப்பிட்டேன். அதையும் எழுதிக் கொடுத்துடறேன்."

"எழுதிக் கொடுத்தா உன் லைசென்ஸ் போயிடும்யா. தெரியுதா?"

"தெரியும் சார்."

மேலாளரின் குரல் கொஞ்சம் இறங்கியது. "உன் வீட்டுக்காரம்மா மூணு மாசமா ஆஸ்பத்திரியில. மனசு அங்கேயே இருந்திருக்கும். லீவு போடு, லீவு போடுன்னு தலபாடா அடிச்சுக்கிட்டேன், கேட்டியா?"

சொட்டு மேஜைமேலிருந்த தொலைபேசியை அவர் பக்கம் நகர்த்தினார்.

"திருப்பினா, எறங்கற அளவுக்கு எடை குறைய எரிபொருளையெல்லாம் கடல்ல கொட்டணும். முன்னூறு பேர் பயணம் பாழ். நல்லா யோசிச்சுச் சொல்லு. நெசமாவே அழுத்தலையா?"

"அழுத்தல சார். சீக்கிரம் கூப்பிடுங்க, நேரம் போகுது."

சொன்னபடியே ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டார். அதைப் படித்துவிட்டு மேலாளர் ஒரு பெருமூச்சோடு தொலைபேசியை எடுத்தார்.

விமானம் வந்து தரையிறங்க ஒன்றரை மணி நேரம் ஆனது. அதுவரை சொட்டு ஜன்னலை விட்டு நகரவில்லை. "எங்க சார் வந்திருக்கு? எறங்க இன்னும் எவ்வளவு நேரம்?" என்று ஐந்து நிமிடத்துக்கு ஒரு தரம் நச்சரித்தார். பாவம், முன்னூறு உயிர்களை நினைத்துத் துடிக்கிறார் என்று ஹேங்கரே உச்சுக் கொட்டியது.

பயணிகளை இறக்கியதும் தரைப்பலகைகளைக் கழற்றினார்கள். தலைமை ஆய்வாளர் டார்ச்சோடு குப்புறப் படுத்து, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தார். நாலாவது இணைப்பில் நகத்தை நுழைத்துப் பார்த்தார், நுழையவில்லை. இரண்டு பாட்டில் தண்ணீரை ஊற்றினார். அத்தனையும் ஓரத்துக் குழாய் வழியாக வெளியே போய்விட்டது. கீழே இறங்கி மின்சாரப் பெட்டிகளைத் துடைத்தார். துணி ஈரமாகவே இல்லை.

"இதைவிடச் சுத்தமா யாராலயும் ஒட்ட முடியாது," என்று மேலாளரிடம் வந்து சொல்லிவிட்டுப் போனார்.

மேலாளருக்கு முகம் சிவந்துவிட்டது. "என்னய்யா இது? விளையாடறியா?"

சொட்டு சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார்.

"பொய்யா எழுதிக் கொடுத்து விமானத்தையே திருப்பியிருக்க! ரிட்டயர் ஆக நாலு வருஷம்தான் பாக்கி. மொத்தத்துலயும் மண்ணை வாரிப் போட்டுக்கிட்டியே. விசாரணை அதிகாரி வர்ற வரைக்கும் இந்த அறையை விட்டு நகரக் கூடாது. கார்டைக் கழட்டி வை."

கழுத்தில் கிடந்த அட்டையைக் கழற்றி மேஜைமேல் வைத்தார் சொட்டு. இருபத்தாறு வருடம் கட்டிக் காத்த பெயர் ஒரே மத்தியானத்தில் போய்விட்டது. நாளைக்கு அவர் பெயரைச் சொல்லி இதே ஹேங்கரில் சிரிப்பார்கள். செத்துப் போய்விடலாம் போலிருந்தது அவருக்கு.

வாசலில் ஒரு காவலாளியை நிறுத்திவிட்டு மேலாளர் வெளியே போனார். சொட்டு போனை எடுத்தார்.

"எறங்கிட்டியாம்மா?"

"இப்பதான்ப்பா வெளியில வந்தேன். ஏதோ தண்ணி கசியுதுன்னு திருப்பிட்டாங்க. மறுபடி எப்பக் கிளம்புமோ தெரியல."

"நீ ஏற வேணாம். டாக்சி பிடிச்சு நேரா ஆஸ்பத்திரிக்கு ஓடு. உன் விமானம் கிளம்பின அரை மணியில அங்கேருந்து போன் வந்தது. அம்மா சாயங்காலம் வரைக்கும் தாங்க மாட்டாளாம்."

மறுமுனையில் மகள் உடைந்து அழுதாள். "நீங்களும் உடனே வாங்கப்பா..."

"என்னை இங்கேருந்து விட மாட்டாங்கம்மா," என்றார் சொட்டு. "நம்ம ரெண்டு பேர்ல ஒருத்தர்தான் அவளைப் பார்க்க முடியும். அவ கேட்டது உன்னை."