கொடுக்கத் தகுந்த தண்ணீர்

கம்பான் கொண்டுவந்த மூன்று மாதத்துப் புட்டிகளிலும் கம்பான் இல்லை.

சர்க்கரை இருந்தது. உப்பு இருந்தது. கம்பெனிக்காரன் பையில் அடைத்து அனுப்புகிற எல்லாம் அளவு பிசகாமல் இருந்தன. ஒரு மனுஷியின் வயிற்றில் நாலு மணி நேரம் கிடந்துவிட்டு வருகிற தண்ணீரில் யூரியா இருக்கும், இன்னும் நூறு கழிவு இருக்கும். இதில் மருந்துக்குக்கூட இல்லை.

சிறுநீரகம் போனவர்கள், வயிற்றில் பொருத்திய குழாய் வழியாக ஒரு பை தண்ணீரை உள்ளே விட்டு, ஊறவைத்து, விஷத்தோடு வெளியே எடுக்க வேண்டும். தினம் நாலு தடவை, வீட்டிலேயே. வெளியே வந்ததில் ஒரு புட்டி பிடித்து மாதாமாதம் கொண்டுவரச் சொல்லியிருந்தார் டாக்டர். அதிலுள்ள ஒவ்வொரு துணுக்கையும் மெஷினில் பிரித்துப் பார்த்து, யாருடைய வயிறு இன்னும் உழைக்கும், யாருடையது ஓயப்போகிறது என்று முன்கூட்டியே சொல்வது அவருடைய ஆராய்ச்சி.

கம்பானைப் பற்றி அவர் சொல்லிவிட்டார். இந்தப் பொம்பளை தண்ணீரே மாற்றுவதில்லை. புதுப் பையிலிருந்து பிடித்து வந்து ஏமாற்றுகிறாள். ஈசான்காரர்களுக்கு ஒழுங்கு வராது. வியாழக்கிழமை குழாயை எடுத்துவிட்டு, ரத்தத்தைச் சுத்தம் செய்கிற நகரத்து மெஷினுக்கு அனுப்புங்கள்.

லேபில் புட்டிகளை மெஷினில் ஓட்டுகிற தாரிகாவும் தாய்லாந்தின் வடகிழக்கிலுள்ள அந்த ஈசான் சீமைக்காரிதான். அவள் வீட்டில் நெல்லைத் தவிர வேறெதையும் படித்தவர்கள் அவளுக்கு முன்னால் யாருமில்லை. ஈசான்காரர்களின் ஒழுங்கைப் பற்றி டாக்டர் சொன்னபோது அவளைப் பார்த்துக்கூடச் சொல்லவில்லை. மெஷினைப் பார்த்துச் சொன்னார்.

தண்ணீர் மாற்றாத உடம்பு இந்நேரம் ஊதிப் பானையாகியிருக்கும், கம்பானின் ரத்தம் நன்றாக இருக்கிறதே என்று தாரிகா கேட்டாள். ரத்தம் அடுத்த மாதம் காட்டும் என்றார் டாக்டர். சுற்றி நின்ற மாணவர்கள் எழுதிக்கொண்டார்கள்.

புதன்கிழமை மத்தியானம், ஒரு காலிப் புட்டியைப் பையில் போட்டுக்கொண்டு, குழாய் எடுப்பதற்காகக் கம்பானைச் சேர்த்திருந்த வார்டுக்குத் தாரிகா போனாள்.

கம்பான் போர்வையை மார்புவரை இழுத்துவிட்டுச் சாய்ந்திருந்தாள். ஐம்பது வயதிருக்கும். ஸ்கூல் வாசலில் விடியற்காலை ஒட்டரிசி உருண்டையை முட்டையில் தோய்த்துக் கரியில் சுட்டு விற்கிறவள். நகரத்து மெஷின் என்றால் வாரத்தில் மூன்று நாள் வேனில் போய், துவண்டு திரும்ப வேண்டும். அப்புறம் அடுப்பும் இல்லை, கடையும் இல்லை.

சாப்பிட்டாயா என்று அவள்தான் முதலில் கேட்டாள். தாரிகா, புட்டியில் எந்தத் தண்ணீரைப் பிடித்தீர்கள் என்று நேராகக் கேட்டாள்.

புதுப் பையிலிருந்துதான் என்றாள் கம்பான், ஒளிக்காமல். ஒரு புட்டி அளவுதான் எடுத்தாளாம். மிச்சத்தை வயிற்றில் விட்டுக்கொண்டாளாம். ஒரு வேளைகூடத் தவறவில்லையாம்.

டாக்டர் சொன்னது புரியவில்லையா?

"புரியாம என்ன? வயித்துலேருந்து வர்ற மஞ்ச அழுக்கப் போயி, அவ்ளோ படிச்ச மனுஷன் கையில எப்படிப் புள்ள குடுப்பேன்? ஒங்க ஆத்தா குடுப்பாளா?"

கொடுக்க மாட்டாள். பரிசோதனைக்கு மலம் கொண்டுவரச் சொன்னதற்கு மூன்று தடவையும் மறந்துபோச்சு என்று சொன்னவள் தாரிகாவின் அம்மா.

மற்றவர்கள் புட்டி இளமஞ்சளாக, மீன்வாடை அடிக்கிற பையில் வரும். கம்பானுடையது கிணற்றுத் தண்ணீர் மாதிரி, துவைத்து மடித்த வெள்ளைத் துணிக்குள் வந்தது. கூடவே எல்லாருக்கும் சுட்ட ஒட்டரிசி. உருண்டையைத் தின்றார்கள். நிறத்தை யாரும் பார்க்கவில்லை. மெஷினுக்கு நிறம் தெரியாது.

தாரிகாவுக்குக் கோபம் வரவில்லை. வர வேண்டிய இடத்தில் மரத்துப்போயிருந்தது. வாய் மட்டும் வேகமாகப் பேசியது. இப்போதே டாக்டரிடம் போகிறேன், சாயங்காலத்துக்குள் ஓட்டிக் காட்டிவிடலாம், நாளைக்கு ஒன்றும் நடக்காது.

கம்பான் அவள் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"சொல்லாத புள்ள. அத்தன பேரு முன்னால சொல்லிட்டாரு. இப்ப தப்புன்னா, அந்த மனுஷன் மூஞ்சிய எங்க கொண்டுபோயி வெச்சுக்குவாரு?"

"போற உசுரு ஒங்களுது பெரியம்மா. எந்திரிங்க. ஒரு பை எறக்குங்க, நான் புடிச்சுக்கறேன்."

கம்பான் எழுந்திருக்கவில்லை. வீட்டில் அரிசி இல்லாத நாளில் விருந்தாளி வந்தால் சிரிப்பார்களே, அப்படிச் சிரித்தாள். பிறகு போர்வையை விலக்கி, சட்டை நுனியைக் கொஞ்சம் தூக்கினாள்.

குழாய் இல்லை. தொப்புளுக்குப் பக்கத்தில் உள்ளங்கை அகலத்துக்கு வெள்ளைப் பஞ்சு ஒட்டியிருந்தது.

"காலையில டாக்டரே வந்து, ஆப்பரேசனுக்கு இன்னிக்கே ஒரு எடம் காலியா இருக்கு, முடிச்சுடலாமான்னு கேட்டாரு" என்றாள். "தானா வந்து கேக்கறவருகிட்ட எப்படிப் புள்ள மாட்டேங்கறது?"