மனு மாமாவின் தலைவலி

"குழந்தையைத் தூக்கிக்கிட்டு உடனே உங்க அம்மா வீட்டுக்குக் கிளம்பும்மா. இந்தக் கம்பிக்குக் கீழ ஒரு நிமிஷம் இருக்காதே. அப்புறம் மாமா சொல்லலியேன்னு சொல்லக்கூடாது."

மனு மாமா இப்படிச் சொல்லிவிட்டுப் போய் பத்து நாள் ஆகிறது. அந்தப் பத்து நாளும் கடைசி வீட்டுப் பெண்ணுக்குச் சாப்பாடும் இறங்கவில்லை, தூக்கமும் வரவில்லை. ஒரு காலி மனை தள்ளி ஹை டென்ஷன் கம்பி போகிறது. தொட்டிலை அந்தப் பக்கத்து அறையிலிருந்து கூடத்துக்கு இழுத்துப் போட்டாள். மூன்று மாதக் குழந்தை, புருஷன், மாமியார் எல்லோருக்கும் கூடத்திலேயே படுக்கை.

"வீண் பயம்டி," என்றான் புருஷன்.

"உங்களுக்கென்ன, காலையில ஆபீஸ் கிளம்பிடுவீங்க. நாள் பூரா இங்க கிடக்கிறது நானும் பிள்ளையும்தானே?" என்று அழுதாள். பெட்டியும் கட்டியாகிவிட்டது.

மனு மாமா காலனி சங்கத்தின் செயலாளர். சொந்தப் பெயர் அவருக்கே மறந்திருக்கும். தெருநாய்க்கு ஒரு மனு, குப்பைத் தொட்டி நாறுகிறதென்று ஒரு மனு, அதை எடுத்துப் போன பிறகு தொட்டி எங்கே என்று இன்னொரு மனு. இந்தத் தடவை மாட்டியது மின்கம்பி. கேன்சர், தலைவலி, ஞாபக மறதி என்று வீடு வீடாகப் போய் வயிற்றில் புளியைக் கரைத்துக் கையெழுத்து வாங்கினார். அவருக்கே மறதியோ என்னவோ, ஒரே வீட்டுக்கு இரண்டு தடவை போனார்.

அதிசயமாக, மின் ஆபீசிலிருந்து ஆளே வந்துவிட்டது. ஒரு பெண் இன்ஜினியர். கையில் சோப்புப் பெட்டி அளவுக்கு ஒரு மீட்டர்.

"கரண்ட் ஓடுற இடத்தைச் சுத்தி ஒரு காந்தப்புலம் இருக்கும். அது எவ்வளவுன்னு இது காட்டும்," என்றார்.

"சம்பளம் குடுக்கிறவங்க என்ன சொல்றாங்களோ அதைக் காட்டும்!" என்றார் மாமா.

கூட்டம் சிரித்தது. இன்ஜினியரம்மா சிரிக்கவில்லை. சரியான திமிர் பிடித்தவள் என்று நாலு பேர் அப்போதே முடிவு கட்டிவிட்டார்கள்.

கடைசி வீட்டுப் பின்சுவரில் மீட்டரை வைத்தார். நாலு. தொட்டில் இருந்த அறையில் ஒன்று. சமையலறையில் ஃபிரிட்ஜுக்குப் பின்னால் கொண்டுபோனார். பதினொன்று.

"ஐயையோ, அப்ப ஃபிரிட்ஜையும் சம்பந்தி வீட்டுக்கே அனுப்பிடணுமா?" என்றார் மாமியார்.

கடைசி வீட்டுப் பெண் சுற்றி வளைக்காமல் கேட்டாள். "மேடம், உங்க குழந்தையா இருந்தா இந்த ரூம்ல படுக்க வைப்பீங்களா?"

இன்ஜினியர் யோசித்துத்தான் பதில் சொன்னார். "ஒண்ணுமே ஆகாதுன்னு என்னால சத்தியம் பண்ண முடியாதும்மா. ஆராய்ச்சி பண்றவங்களே இன்னும் முடிவா சொல்லல. ஆனா கம்பியை விட்டுத் தள்ளிப் போகப் போக இது மளமளன்னு குறையும். இந்த ரூம்ல இருக்கிறது எல்லா வீட்லயும் இருக்கிற அளவுதான். நான் படுக்க வைப்பேன்."

"மழுப்புறாங்க, மழுப்புறாங்க!" மாமா துள்ளினார். "என் வீட்டுக்கு வாங்க மேடம். ஆறு மாசமா தலைவலி மண்டையைப் பிளக்குது. அங்க வச்சுப் பாருங்க, சாயம் வெளுத்துடும்!"

"உங்க வீடு தெருவோட அந்தக் கோடியில இல்ல இருக்கு?" என்றார் இன்ஜினியர், மனுவிலிருந்த முகவரியைப் பார்த்து.

"அதைத்தான் நானும் சொல்றேன். அவ்வளவு தூரத்துல இருக்கிற எனக்கே இந்தக் கதின்னா!"

உச்சி வெயிலில் தெருவே அவர் பின்னால் போனது. குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு அவளும் போனாள்.

படுக்கையறை வாசலில் மாமாவின் மனைவி குறுக்கே நின்றார். "ரூம் அலங்கோலமா கிடக்குங்க. இன்னொரு நாள் பாத்துக்கலாமே."

"தள்ளுடி! ஊருக்காக உழைக்கிறேன். நீ போர்வை மடிக்கலேன்னு கவலைப்படுறே!"

எல்லோரும் உள்ளே நுழைந்து "அப்பாடா" என்றார்கள். இன்ஜினியர் கட்டிலின் தலைமாட்டுச் சுவரில் மீட்டரை வைத்தார். முப்பது. ஐம்பது. அறுபத்தெட்டில் போய் நின்றது.

கடைசி வீட்டுப் பெண் மீட்டரை எட்டிப் பார்த்தாள். இங்கேயே இவ்வளவு என்றால் நம் வீட்டில் மீட்டர் சொன்னது பொய்யா? குழந்தையை இறுக்கி அணைத்துக்கொண்டாள்.

"பாத்தீங்களா! பாத்தீங்களா!" மாமாவுக்குத் தலைகால் புரியவில்லை.

"வீட்டுக்குள்ள ஓடுற கரண்ட்டாகூட இருக்கலாம். மெயினை ஆஃப் பண்ணுங்க சார்," என்றார் இன்ஜினியர்.

ஆவேசம் வந்துவிட்டால் மாமாவுக்கு முன்னும் தெரியாது, பின்னும் தெரியாது. "என் மேலயே பழியா? இதோ!" என்று ஓடினார். மனைவி சட்டையைப் பிடித்து இழுத்தும் நிற்கவில்லை. எல்லோரும் பார்க்க மெயின் சுவிட்சை இறக்கினார். விளக்கு அணைந்தது. கூடத்து மின்விசிறி நின்றது. டிவி வாயை மூடிக்கொண்டது.

மீட்டர் மட்டும் அறுபத்தெட்டிலிருந்து அசையவில்லை.

மாமா இடுப்பில் கையை வைத்துக்கொண்டார். "இப்ப என் வீட்ல பொட்டு கரண்ட் கிடையாது. அப்ப இது எங்கிருந்து வருது? எனக்கு வேண்டாம், இந்த ஜனங்களுக்குப் பதில் சொல்லுங்க மேடம்!"

இன்ஜினியர் தலைமாட்டுக்கு மேலே அண்ணாந்து பார்த்தார். மாமாவின் மனைவி தலையில் கையை வைத்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்துவிட்டார்.

கடைசி வீட்டுப் பெண்தான் மெதுவாகப் பேசினாள். பத்து நாளில் இன்றைக்குத்தான் அவள் முகத்தில் சிரிப்பு.

"பிள்ளை எவ்வளவு சுகமா தூங்கிட்டான் பாருங்க மாமா. மெயினை அணைச்சும் உங்க ஏசி என்னமா ஜில்லுனு ஓடுது!"